குறுக்கே ஒட்டிய செப்புக் கம்பி

அந்த ஐஸ் ஆலை முதலாளிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அதை நான் மறைத்ததும் இல்லை. வாவிக்கரையில் இருந்த அவருடைய ஆலையில் ஐஸ் உடைக்கும் மெசின் நின்றுபோனது. அதன் மோட்டரை ஓட்டும் மின்னணுப் பெட்டியைத் திருத்த வேறு ஆள் கிடைக்காததால்தான் என்னைக் கூப்பிட்டார். வவுணதீவிலிருந்து பாலம் கடந்து போய் நின்றதும், "ஏன், ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது பெட்டிக்குள் இருக்கும் ஆறு டிரான்சிஸ்டர்கள். மோட்டர் இறுகினால் மின்னோட்டம் எகிறும். பியூஸ் உருகுவதற்குள் அவை செத்துவிடும். அதனால் ஒரு சிறிய ரெசிஸ்டர் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் பெட்டி அந்தக் கணமே நின்றுவிடும். அந்த ரெசிஸ்டர் பழுதாகி, டிரான்சிஸ்டர்களும் எரிந்திருந்தன; எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். ஐஸ் உடைக்கும் உருளையின் பெயாரிங் இறுகிக் கிடந்தது. அதையும் மாற்றச் சொன்னேன்.

அவர் மாற்றவில்லை. ஒரே வாரத்தில் மூன்று தடவை போனில் ஏசினார்.

"பயந்தாங்கொள்ளிப் பெட்டி தங்கச்சி இது. தொட்டதுக்கெல்லாம் நிக்குது."

"அது நிக்கிறதாலதான் முதலாளி உங்கட மெசின் தப்பி இரிக்கி. பெயாரிங்க மாத்துங்க."

"எனக்குப் படிப்பிக்க வராத!"

பிறகு போன் வரவில்லை. மாற்றிவிட்டார் என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டார். "வந்து பாரு, நீ செஞ்ச வேலைய."

போனேன். ஐஸ் வாங்க வந்த மீன்காரர்கள் வெறும் ரெஜிபோம் நுரைப்பெட்டிகளோடு நின்றார்கள். டிரான்சிஸ்டர் வெடித்து, பெட்டியின் மூடி வளைந்து, சுவரெல்லாம் கரி. மெசின் ஓட்டுகிறவர் கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு படியில் இருந்தார்.

"இவட வேலையாலதான் இந்தாளுக்குக் கை எரிஞ்ச" என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.

நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஆணிகளைக் கழற்றி மின்சுற்றுப் பலகையை வெளியே எடுத்தேன். ரெசிஸ்டருக்குக் குறுக்கே தடித்த செப்புக் கம்பி ஒன்று ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மின்னோட்டம் முழுக்க அந்தக் கம்பியால் போனதால், எவ்வளவு ஓடுகிறது என்று பெட்டிக்குத் தெரியவே இல்லை.

"இத ஒட்டினது ஆர்?"

ஓரமாக நின்ற முதலாளியின் மச்சான் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். படியில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். "முதலாளி செல்லி மச்சான்தான் ஒட்டினவர். நான் பக்கத்தில நிண்டன்."

"நாளையில இருந்து நீ வேலைக்கு வரத் தேவல்ல" என்றார் முதலாளி அவரைப் பார்த்து.

அதுவரை அன்றே திருத்திக் கொடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். பலகையை மேசையில் போட்டேன். "இவர் வேலைக்கு வாற அண்டைக்குத்தான் நானும் வருவன்."

ஐந்து நாள் மரச் சுத்தியலால் ஐஸ் உடைத்தார்கள். ஆறாம் நாள் மெசின் ஓட்டுகிறவரே போன் எடுத்தார். "வரச் செல்லிட்டார் தங்கச்சி. புதுப் பெயாரிங்கும் வந்திரிக்கி."

எல்லாவற்றையும் மாற்றினேன். இனி எவரும் கம்பி ஒட்ட முடியாதபடி ரெசிஸ்டரைச் சுற்றிக் கெட்டிப் பசை ஊற்றி இறுக விட்டேன். முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

அந்த ஐந்து நாளும் அவர் படும் பாட்டை நினைத்துச் சந்தோசப்பட்டேன். ஆனால் ஐஸ் போதாமல் கெட்டுப்போனது வள்ளக்காரர்கள் பிடித்து வந்த மீன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அவர்மேல் உள்ள கோபம் மட்டும் ஒரு துளியும் குறையவில்லை.