எனக்காகப் படகு நிற்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் சாவைப் பற்றிப் பேச ஊருக்குப் போயிருந்தேன்.

பதறாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அறுபத்தொரு வயதில் சர்க்கரையும் பிரஷரும் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்.

போன மாதம் பொன்னேரியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் தவறிப்போனார். தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' வைத்திருந்தார்கள். அதில் அவர் படம்... ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது போலிருக்கிறது. வாய் நிறையச் சோறு, ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. முப்பது வருஷம் புடவை மடிப்பு கலையாமல் ஸ்கூலுக்கு வந்த பெண்மணி அவர்!

உள்ளே போனால் இன்னும் கொடுமை. ஃப்ரீசர் பாக்ஸுக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். எரிப்பதா, புதைப்பதா என்று சண்டை. அந்த அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டு வைத்திருந்தால் என்ன? யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பட்டாசு வெடிக்கக் கூடாது. வழியெல்லாம் பூவைப் பிய்த்துப் போடக் கூடாது — அப்புறம் அதை யார் பெருக்குவது? பேனருக்கான படத்தை நானே பொறுக்கி எடுத்து ஒரு கவரில் போட்டு ஒட்டினேன்.

ஒட்டும் முன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது இருபது வருஷத்துக்கு முந்தின போட்டோவாச்சே?"

"இருந்தா என்ன? அதுலயும் நான்தானே இருக்கேன்?"

அவர் பசைக் குப்பியை எடுத்து நீட்டினார். அனுபவசாலி.

அடுத்தது முக்கியமான விஷயம். எங்கே போய்ச் சேருவது? புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் பழவேற்காடு பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். வீட்டுக்காரர் உள்நாட்டில் நெல் விளைவிக்கிற குடும்பம். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது கடலும் கோபித்துக்கொண்டது, வயலும் கோபித்துக்கொண்டது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் என் கடைசிப் பயணம் எங்கள் கடற்கரையில்தான் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒருவர் செத்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். கடலுக்கும் போக மாட்டார்கள், பழவேற்காடு ஏரிக்கும் போக மாட்டார்கள். என் நைனா, அதாவது அப்பா, இறந்த அன்று பார்த்தேன். அவ்வளவு ஃபைபர் படகும் மணலில் ஏறி வரிசையாக நிற்கிறது. ஒரு எஞ்சின் சத்தம் இல்லை. வாழ்நாளில் ஒரு மேடை ஏறாத மனிதருக்கு ஒரு ஊரே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. அழுதுகொண்டே எனக்கு அப்படி ஒரு பெருமை!

அதை நினைத்துக்கொண்டுதான் என் தாளில் கடைசி வரியை எழுதினேன். 'எனக்காகப் படகுகளை நிறுத்த வேண்டாம். அவரவர் தொழிலைப் பார்க்கட்டும்.' இரண்டு தடவை படித்தேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

இந்தத் தாளோடுதான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

அம்மன் கோயில் பக்கத்து ஹாலில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் உள்ளே உட்கார மாட்டார்கள், வாசலில் நிற்பார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தாளை ஊர்த் தலைவர் பாளையம் அண்ணனிடம் கொடுத்தேன். எனக்கு மூன்று வயது மூத்தவர். சின்ன வயதில் என் மண்டையில் கல் எறிந்து நாலு தையல் போட வைத்தவர்.

சத்தமாகப் படித்தார். பட்டாசுக்குத் தலையாட்டினார். பூவுக்கும் தலையாட்டினார். பேனர் படம் கவரில் இருக்கிறது என்ற வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா தங்கச்சி இது? வேணான்றதுக்கு மொதல்ல ஒண்ணு இருக்கணும் இல்ல? வெளியூர்ல வாக்கப்பட்ட பொண்ணுக்கு நாங்க படகு நிறுத்துறதே இல்லியே. அது அந்த ஊரு சாவு."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. நைனாவுக்கு நின்றது, அம்மாவுக்கு நின்றது, எனக்கும் நிற்கும் என்று நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை வேண்டாம் என்று வேறு வள்ளல் மாதிரி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்! வீட்டுக்காரர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தம்பி குனிந்து தரையைப் பார்த்தான்.

கூட்டத்தில் ஒருவர் இரக்கப்பட்டார். "அப்பிடிச் சொல்லாத பாளையம். ஏரி முகத்துவாரம் மண்ணு மூடிக்கினப்போ டீச்சருதான மனு எயுதிக் குடுத்தாங்கோ? அவுங்களுக்கு மட்டும் நிறுத்தலாம்."

நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தேன். அதுதானே? எத்தனை மனு!

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. என் தம்பி மனைவி தேசம்மா. பழவேற்காட்டில் மீன் விற்கிறவள். மார்க்கெட்டில் அவள் கத்தினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும்.

"மனு எயுதிக் குடுத்ததுக்கா நிறுத்துவ? அப்ப எயுதப் படிக்கத் தெரியாத பொண்ணு செத்தா இன்னா பண்ணுவ மாமா? எம் பொண்ண ஆரம்பாக்கத்துல குடுத்துக்கீறேன். அவ ஒரு மனுவும் எயுதல. அவ உங்களுக்கு யாரு?"

ஹாலில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணி, நீ கோச்சிக்காத" என்றாள் என்னைப் பார்த்து. "நீ எயுதின மனுவுக்குக் கும்பிடு போட்டாச்சு. அது வேற, இது வேற."

நான் நிமிர்ந்த அளவுக்குத் தளர்ந்தேன். ஆனால் பாருங்கள், அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. சொந்த ஊர் என்பது சர்வீஸ் பார்த்து புரமோஷன் கொடுக்கிற இடமா என்ன?

பாளையம் அண்ணன் தாளை மடித்தார்.

"தபாரு தங்கச்சி. சுத்தி வளைக்காத. உனுக்கு வேணுமா, வேணாமா? அத்த வாயத் தொறந்து கேளு."

கேட்பதா? எனக்கா? கல்யாணத்துக்குக்கூட நான் ஊரைக் கேட்டதில்லை. சொன்னேன், போனேன். வேலையில் யாரிடமும் சலுகை என்று நின்றதில்லை. 'வேண்டாம்' என்பது எனக்கு நாக்கு நுனியில் இருக்கிற வார்த்தை. 'வேண்டும்' என்பதை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

எழுந்து நின்றேன்.

"வேணும்ணா. நான் சாவற அன்னிக்கு நம்ம கரையில ஒரு போட்டும் எறங்கக் கூடாது. நைனாவுக்கு நின்ன மாதிரி எனக்கும் நிக்கணும்."

முப்பத்தாறு வருஷமாக எனக்குள் இருந்த ஆசை அதுதான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பின்வரிசையில் ஒரு இளைஞர் எழுந்தார். "பாடு நாள்ல செத்துட்டாங்கன்னா?"

நியாயமான கேள்வி. ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் என்றைக்கு வலை போடலாம் என்று முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இறால் ஓடுகிற சமயத்தில் நம் பாடு நாள் தவறினால், அடுத்த முறை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். உள்ளூர்ச் சாவென்றால் அதையும் பொறுத்துக்கொள்வார்கள். எனக்காகவுமா? என்னைக் கேட்டால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பாளையம் அண்ணன் அந்த இளைஞரைத் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணுன்னா பொண்ணுதான்டா. பாடு நாளுன்னா பாதிப் பொண்ணா ஆயிடுவாளா? பாடு போனா போவட்டும்!"

அவ்வளவுதான். அங்கேயே முடிவு செய்தார்கள். எனக்கு மட்டுமல்ல. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணும், உயிரோடு இருக்கும்போதே நேரில் வந்து, 'கடைசியில் நான் இங்கேதான் வருவேன்' என்று ஊரிடம் கேட்டால், அவளுக்கும் படகு நிற்கும். யாராவது மறுத்துப் பேசுகிறார்களா என்று தலைவர் மூன்று தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. தாளை என்னிடமே நீட்டினார். "உங்கையாலயே அந்தக் கடைசி வரிய அடிச்சிடு." அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

வாசலில் தேசம்மா அதற்குள் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "நாளைக்கே பொறப்பட்டு வாடி! வந்து கேட்டு வெச்சிட்டுப் போ!" நாலு நாளில் ஆறு பெண்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம். அதில் ஒருத்திக்கு வயது இருபத்தாறு. பாளையம் அண்ணன் போன் செய்து அலுத்துக்கொண்டார். குரலில் அலுப்பே இல்லை.

எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் கடையடைப்பு பார்த்திருக்கிறேன். யாராவது வந்து ஷட்டரைத் தட்டினால்தான் மூடுவார்கள். எனக்கு நிற்கப்போகும் படகுகளை யாரும் தட்ட வேண்டியதில்லை. இதைவிட ஒரு டீச்சருக்கு என்ன விருது வேண்டும்? தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான். வைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வீட்டுக்காரர், பொன்னேரி நெருங்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல எனக்காக ஒரு டிராக்டரைக்கூட நிறுத்த மாட்டாங்க. மருமகனுக்கெல்லாம் உங்க ஊர்ல நிறுத்துவாங்களா?"

"நேர்ல போய்க் கேளுங்க."

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறார். மருமகனுக்கு முறையில்லை என்று ஊர் சொல்லுமோ? சொல்லிப் பார்க்கட்டும். எதிர்த்துப் பேச அந்த ஊர்ப் பெண் நான் இருக்கிறேன் — இப்போதைக்கு.