வாசல் பையில் சிவப்புக் கோலி

ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும், தையல் மிஷினில் ஓயாமல் சுழலும் நூல் உருளையின் பெயரால், ‘பாபின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, தையலும் நிற்காது, வாயும் நிற்காது. பக்கத்து மிஷின்காரியின் தோளில் கை வைத்த வாசல் காவலாளியை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டதும் அந்த வாய்தான்.

அவன் மனசுக்குள் கறுவிக்கொண்டான். திருட்டைத் தடுக்க அங்கே ஒரு ஏற்பாடு: வேலை முடிந்து போகிறவர்கள் அவன் நீட்டும் துணிப்பையில் கைவிட்டு, ஒரு கோலியை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பத்தில் ஒன்று சிவப்பு. அது வந்தால் சோதனை அறை. செருப்பு முதல் ஜடை வரை பிரித்துப் பார்ப்பார்கள். அந்த வாரம் ஆறு நாளும் அவளுக்குச் சிவப்பு.

“உங்க ராசி அப்படி,” என்று இளித்தான்.

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் தங்கையிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ஒரு நாள்னா பத்துல ஒண்ணு, யாருக்கும் வரலாம். ரெண்டு நாள் தொடர்ந்துன்னா நூத்துல ஒண்ணு. அதுவும் அத்தனை பேர்ல யாருக்காவது வந்துடும். ஆறு நாளும்னா பத்து லட்சத்துல ஒரு தடவை, அக்கா! உனக்குன்னு தனிப் பை வெச்சிருக்கான். மேனேஜர்கிட்ட சொல்லு.”

“சொன்னா திட்டு வாங்கிட்டுப் போயிடுவான். எனக்கு அது பத்தாது. அந்த ரூம்ல அவன் நிக்கணும்.”

மேனேஜர் வாசலுக்கு வரும் நாளாகப் பார்த்து வரிசையில் நின்றாள். பை நீண்டதும் கையைக் கட்டிக்கொண்டாள்.

“சார், இவரும் இங்க வேலை பாக்குறவர்தானே? இன்னைக்கு எனக்குப் பதிலா இவர் எடுக்கட்டும்.”

“நியாயம்தான். எடுப்பா,” என்று மேனேஜர் சிரித்தார்.

அவன் கை பைக்குள் போகவே இல்லை. “எனக்கு எதுக்கு சார்...”

“பத்துல ஒண்ணுதானே? ஏன் வேர்க்குது?” என்றாள் இனிக்க இனிக்க.

மேனேஜர் பையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தார். பத்தும் சிவப்பு.

சோதனை அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது, அவன் இடுப்பிலிருந்து ஒரே ஒரு சிவப்புக் கோலி உள்ள சரியான பை விழுந்தது. கதவைச் சாத்தவிடாமல் அவள் காலை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அவனுக்கு வேலை போனது. அவன் மனைவி வந்து கெஞ்சினாள்: “நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்ப சேத்துக்குவாங்க.”

“உன்மேல எனக்குக் கோபமில்லம்மா. உனக்கு வேலை வேணும்னா நானே கேட்டு வாங்கித் தர்றேன். அவனுக்குன்னா வாயே திறக்க மாட்டேன்.”

மனைவி பட்டன் தைக்கச் சேர்ந்தாள். மாலையில் அவளைக் கூட்டிப்போக அவன் வாசலுக்கு வெளியே வந்து நிற்பான். பாபின் வேண்டுமென்றே ஆற அமர நடந்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே கடந்து போவாள்.