நாலாவது ஜன்னல்

எண்பதுகளின் நடுவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோலா சிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் தனியாகக் குடியேறினேன். மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். மகன் சிங்கப்பூரில். மூட்டுவலியால் படி இறங்குவது பெரும்பாடு. அதனால் எதிரே இருந்த பாயின் சாப்பாட்டுக் கடைக்குச் சந்தின் குறுக்கே கம்பி இழுத்து, என் அறையில் மைக்கும் அவர் கல்லாவில் ஒலிபெருக்கியும் வைத்தேன். பொத்தானை அழுத்தி "ரெண்டு தோசை பாய்" என்றால் தட்டு மேலே வந்துவிடும்.

சத்தத்தை விடுவதும் நிறுத்துவதும் ஐ.சி. என்கிற ஒரு சின்ன மின்னணுச் சில்லின் வேலை. மைக் வீட்டு மின்சாரத்தில் ஓடியது, ஐ.சி.க்கு மட்டும் தனியாக ஒன்பது வோல்ட் பேட்டரி. பொத்தானை விட்டால் சத்தம் போகாது என்று சோதித்துவிட்டுத்தான் பெட்டியை மூடினேன்.

எதையும் வாய்விட்டு எண்ணுவது என் பழக்கம். பொழுது சாய்ந்ததும் அடுப்பு, குழாய், பிறகு நான்கு ஜன்னல்கள். எண்ணி முடித்தால்தான் உட்கார முடியும். உட்கார்ந்ததும் மனைவியின் நாற்காலியைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு மழை நாளின் மாலையில் மூன்றாவது ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். சாரலில் நனைந்த தரை வழுக்கிவிட்டது. இடுப்பு வலியில் குரல் எழவில்லை. பொத்தான் மேசைமேல், எட்டாத உயரத்தில். நாளை பசியாறக் கூப்பிடாதபோதுதான் யாருக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவை இடித்துத் திறந்துகொண்டு பாய் வந்தார். "அசையாதீங்க சார்."

மருத்துவமனையில் கேட்டேன், "எப்படித் தெரிஞ்சது பாய்?"

"அதான் தினம் கேக்குதே சார். மூணு ஜன்னலோட நின்னுட்டீங்க. நாலாவது வரும் வரும்னு பார்த்தேன், வரலை. டீ ஆத்துறவன் கையைக்கூட நிறுத்திட்டான்."

"எத்தனை நாளா கேக்குது?"

"பெருநாளுக்கு முன்னாடி இருந்தே லா."

"நான் பேசுறது எல்லாமுமா?"

அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார். "ஜன்னல் மட்டும்தான் சார்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ரிப்பேர் பண்ணிடுவீங்களே."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அளந்தேன். பேட்டரி நாலு வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. ஐ.சி.க்குக் கிடைக்கும் வோல்ட்டைவிட அதன் வழியே போகும் சத்தத்தின் வோல்ட் உயர்ந்துவிட்டால், நிறுத்தச் சொன்னாலும் அதனால் நிறுத்த முடியாது. புதுப் பேட்டரி கையிலேயே இருந்தது. அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பெட்டியை மறுபடியும் மூடினேன்.

இப்போது மகனின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பகலெல்லாம் யாரும் இல்லை. கம்பியும் இல்லை. இங்கே ஜன்னல் ஆறு. ஆனாலும் நாலாவதைச் சாத்தும்போது மட்டும் குரல் தானாக உயர்கிறது. அந்த ஓர் எண்ணுக்காக ஒரு கடையே காது கொடுத்துக் காத்திருந்தது என்ற நினைப்பில்தான் மிச்ச இரண்டையும் எண்ணி முடிக்கிறேன்.