தனியாக வாங்கிய புதுநன்மை

தடிப்புக்குப் பூசிய காலமைன் லோஷன் காயும்போது தோல் மெல்ல இழுக்கும். அந்த இழுப்போடு மருந்தின் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறை முழுக்க நின்றிருந்தது. நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. காய்ச்சல் விட்டதென்று அம்மா தலைக்கு ஊற்றிய மறுநாள், வயிற்றிலும் முதுகிலும் கைகளிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக் கிளம்பியது. அந்த ஞாயிறுதான் எனக்குப் "புதுநன்மை", முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சல் விட்டதும் சில பிள்ளைங்களுக்கு இப்படி வரும்மா, தானா அடங்கிடும்" என்றார். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. "டாக்டரு சொல்வாரு மேரி, பாத்தா அம்மை மாறிதான் கீது. எங்க ஊட்ல கைக்கொழந்த கீது, தப்பா எடுத்துக்காத" என்று அம்மாவிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்க அது அம்மையாகிவிட்டது. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த டீச்சரும் வெளியிலேயே நின்று, "இந்த வாரம் வேணாம் மேரி, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். புதுநன்மை வரிசையில் எனக்கு ஜோடியாக நடக்கவிருந்த ஸ்டெல்லா, எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாகப் போனாள்.

ஞாயிறு காலை எழுந்தபோது தடிப்பு ஏறக்குறைய மறைந்திருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர் சொல்லிட்டாங்கல்ல" என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். மாதா கோயில் ஒலிபெருக்கியில் பிள்ளைகள் பாடுவது கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து நானும் கூடவே வாயசைத்தேன். வரிசையில் என் முறை வந்திருக்கும் என்று தோன்றியபோது, கைகூப்பிக் கண்ணை மூடி, நற்கருணை அப்பம் வாங்குவதுபோல் நாக்கை நீட்டினேன்.

அடுத்த வாரம், ஒரு வேலைநாள் காலைப் பூசையில் எனக்கு மட்டும் புதுநன்மை கொடுத்தார்கள். ஷிப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த சிலரும் அம்மாவும்தான் இருந்தார்கள். வெள்ளை கவுனில் நான் ஒருத்தி. வெளியே வந்ததும் அம்மா, "நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள். "ம்" என்றேன்.

போன மாதம் என் மகளுக்கும் காய்ச்சலுக்குப் பின் அப்படியே தடித்தது. டாக்டர் அனுப்பலாம் என்றதும் பள்ளிக்குப் போய்வந்தாள்; யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவளோடு ஆவடிப் பக்கம் போக நேர்ந்தது. அப்பாக்கள் ரிட்டையராக ஆக, குடும்பங்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோயின. ஸ்டெல்லா எங்கே இருக்கிறாளோ தெரியாது, அம்மாவும் இப்போது இல்லை. பிளாக்குகளை இடித்துப்போட்டிருந்தார்கள். "இதுல உங்க வீடு எதும்மா?" என்று மகள் கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை.