வால்வுச் சத்தம்

கார் என்ஜினில் வால்வுச் சத்தமே கேட்கக் கூடாது என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கொடைக்கானலில் நான் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் அப்படி ஒரு முதலாளி வந்து வாய்த்தார். ஒரு லாட்ஜும் ஒரு பழைய இங்கிலீஷ் காரும் அவருக்கு இருந்தன. சீசனுக்கு வரும் துரைசானிகளும் மெட்ராஸ் பணக்காரர்களும் ஏறுகிற டாக்ஸி அது. டிக்டிக்கென்று கேட்டால் ஓட்டை வண்டி என்று நினைத்துவிடுவார்களாம்.

வால்வை அமுக்குகிற ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு நுழைகிற அளவு கேப் வேண்டும், அந்தக் கேப்தான் டிக்டிக்கென்று தட்டும், சூடேறினால் தண்டு நீளும், நீள இடமில்லாவிட்டால் வால்வு மூடாமல் கருகிப்போகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் காதில் ஏறவே இல்லை. நெருக்கு, இன்னும் நெருக்கு என்று பக்கத்திலேயே நின்றார். நானும் நெருக்கித் தொலைத்தேன். அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். காருக்கு முன்னால் நின்று என்ஜினைத் திருப்ப ஹாண்டிலைச் சுற்றிக் கொடுத்த அவருடைய டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றே வாரம். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது பாதி மலையில் கார் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஷெட்டுக்கு இழுத்து வந்து என்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் எலி கடித்த வடை மாதிரி ஓரம் தின்றுபோய்க் கிடந்தன. முதலாளி வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, நெருக்கியதால் வந்த வினை இது, டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அதற்குள் அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"தப்பு என்னோடதுதாங்க. வெரசாப் போகணும்னு வெரட்டிட்டேன். இந்த ஒரு வாட்டி மன்னிச்சுருங்க."

அந்த லாட்ஜ் ஆட்களின் பழக்கம் அது. முதலாளி வாயைத் திறக்கும் முன்பே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் நாலு வசவோடு விட்டுவிடுவார். சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை அப்படித்தான் காலம் தள்ளினார்கள். அன்றைக்கு அவர் திட்டவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வராதே என்றார். வடகவுஞ்சியில் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் அவன் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். நான் கருகிய வால்வைப் பிடித்துக்கொண்டு மடையன் மாதிரி நின்றேன். முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அவன் மேல் வந்த கோபம்தான் பெரிது.

மறுநாள் புது வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். ஸ்பிரிங்குகளை மாட்டி, ஹெட்டை இறக்கி, புஷ் ராடுகளை அதனதன் துளையில் விட்டு, ராக்கரை முறுக்கினேன். நிமிர்ந்தால் ஹாண்டில் பக்கத்தில் அவன் நிற்கிறான். வேலை போனவனுக்கு இங்கே என்ன சோலி என்று கத்தினேன். சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டாமா என்று கேட்டான். அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற, ஒவ்வொரு வால்விலும் தகடு லேசாக உரசி நுழைகிற மாதிரி கேப் வைத்து நட்டை இறுக்கினேன்.

ஸ்டார்ட் செய்ததும் முதலாளி வந்து முகம் சுளித்தார். சத்தம் கேட்கிறதே, நெருக்கு என்றார். நான் ஸ்பேனரைக் கீழே எறிந்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அந்தச் சத்தம் இருக்கணுங்க. போன வாட்டியே அண்ணன் வேணாம்னு சொன்னாரு. நீங்கதான் நெருக்கச் சொல்லி வால்வக் கருக்குனீங்க."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். காரில் ஏறித் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஏலே, இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று கேட்டேன்.

அவன் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து நான் அவரு டிரைவருங்கண்ணே" என்றான்.