ரிக்கற் நான் பாக்கிறன்

விக்னராஜாவைத் தெரியாத தமிழன் பலெர்மோவில் இருந்தால், அவன் நேற்றுத்தான் வந்து இறங்கியவனாக இருக்க வேண்டும். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள தெருவில், பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற போர்த்தியேரே அவர். வாசற்காவலன் என்று தமிழில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காவல் காக்க நாய் போதும். போர்த்தியேரே என்றால் கட்டடத்தின் சாவி, தபால், தண்ணீர்க் குழாய், குடியிருப்பவர்களின் சண்டை எல்லாம் ஒரு கைக்குள் வைத்திருக்கிற ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். அதனால் என்ன குறைந்து போய்விட்டது? ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் ஒற்றைப் பையோடு இறங்கி, கோப்பை கழுவி, படிக்கட்டுத் துடைத்து, கிழவர்களைக் குளிக்க வார்த்து, கடைசியில் அந்தக் கூண்டைப் பிடித்தார். வக்கீலும் பேராசிரியரும் குடியிருக்கிற கட்டடம் அது. காலையில் அவர் பெரிய கதவைத் திறந்து வைத்த பிறகுதான் அந்தப் படித்த கூட்டம் வெளியே போகும். இதை அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லுவார்.

அதை விட அதிகமாகச் சொல்லுவது நெஞ்சுக் கதை. சட்டையின் மேற்பொத்தான்களைக் கழற்றித் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவார்.

“வடிவாய்ப் பார். பிளந்து, அடைப்பெல்லாம் எடுத்து, திருப்பித் தைச்சவங்கள். ஒரு சதம் கேக்கேல்லை. நான் வெளிக்கிடேக்கை பெரிய டாக்குத்தர் என்னைக் கும்பிட்டவர், இப்பிடி ஒரு நோயாளியைத் தான் காணேல்லையாம்.”

“கும்பிடேல்லை, கை குடுத்தவர்,” என்று அடுப்படியில் இருந்து குரல் வரும். அது மனைவி குகனேஸ்வரி. “அதுவும் அடுத்த கட்டில்காரனுக்குக் குடுத்த பிறகு.”

அந்தக் கதையில் விக்னராஜா விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. கூண்டு இருக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எமிலியானா என்ற சின்யோரா இருக்கிறார், வயதானவர், பணக்காரி. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம் என்று தெரிந்ததும் அவர் தன் மருமகனுக்கு ஒரு போன் போட்டார். மருமகன் அங்கே பெரிய டாக்டர். அடுத்த கிழமையே விக்னராஜாவின் நெஞ்சு மேசைக்குப் போனது. முன்னுக்கு நின்றவன் யார், அவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பலெர்மோவில் அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அமெரிக்காவில் இருந்து போன் வரும். டெக்சாசில் ஹூஸ்டன் நகரத்தில், பெற்றோல் அடிக்கிற இடத்தோடு சேர்ந்த ஒரு கடை வைத்திருக்கிறார் ஞானசேகரம். விக்னராஜாவின் ஒரே தங்கை இராசேஸ்வரியைக் கட்டியவர். வெறும் கையோடு போய்க் கடை போட்ட மனிதர் என்பதால் மச்சான் இருவரும் ஒரே அச்சு. ஒரே அச்சுகள் முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

“எப்பிடி மச்சான், உங்கடை ஓசி ஆசுப்பத்திரியிலை இப்பவும் ஒரு கட்டிலிலை ரெண்டு பேரோ?”

“ஓம் மச்சான், ரெண்டு பேரும் உயிரோடை வீட்டை போகினம். உங்கடை நாட்டிலை தனிக் கட்டிலாம், குளிர் அறையாம். ஆள் வருத்தத்திலை சாகேல்லை, பில்லைப் பாத்துச் செத்ததாம்.”

எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அடிபடுகிற நாட்களில் ஞானசேகரத்தின் குரல் இன்னும் ஏறும்.

“நான் விடியக் கோழி எழும்ப முதல் கடை திறக்கிறன். குடி இல்லை, சிகரெட் இல்லை. ஊதித் தள்ளி, கண்டதையும் திண்டு வருத்தம் தேடினவனுக்கு நான் ஏன் கட்ட வேணும்? இது நியாயமோ, நீ சொல்லு.”

“என்ரை நெஞ்சு அடைச்சது குடியாலையோ? புட்டும் பொரிச்ச கத்தரிக்காயும்.”

“அப்ப புட்டைக் குறை. அதுக்கு ஏன் இத்தாலிக்காரன் முழுப்பேரும் வரி கட்டுறது?”

ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக்கொண்டு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்கிற இராசேஸ்வரி சிரிப்பாள். “ரெண்டு கிழவரும் அடிபட்டு முடிஞ்சால் போனைத் தாங்கோ, நான் அண்ணியோடை கதைக்க வேணும்.”

உண்மையில் மச்சானின் கேள்வி விக்னராஜாவுக்குப் பிடித்த கேள்விதான். கையால் உழைத்து மேலே வந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியே வரும். சும்மா இருந்து எடுக்கிறவனைக் கண்டால் அவருக்கும் வயிறு எரியும். ஆனால் ஓம் என்று சொல்ல அந்தத் தழும்பு விடவில்லை.

மாசி முடிகிற நேரம், வேலை நாள் ஒன்றில் இராசேஸ்வரி தனியாகப் போன் எடுத்தாள். ஞாயிறு அல்லாத நாளில் அவள் குரல் கேட்டதுமே விக்னராஜா கூண்டின் கதவைச் சாத்தினார்.

“அண்ணை, மார்பிலை ஒரு கட்டி. கையிலை தட்டுப்படுது.”

“டாக்குத்தரிட்டைப் போனனியே?”

“இன்சூரன்ஸ் இல்லை அண்ணை. ரெண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை, ஏன் வீணாய்க் கட்டுவான் எண்டு போன வருசம் அவர் விட்டவர். சேருறதெண்டால் வருசத்திலை ஒருக்காத்தான் விடுவினம். அந்தக் கதவு தையோடை பூட்டியாச்சு.”

“மச்சானுக்குச் சொன்னியோ?”

“இல்லை. சொன்னால் அடுத்த நாளே கடையை வித்துப்போடுவார். அவற்றை உயிரே அதுதான்.”

விக்னராஜா எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய வசனம் அல்ல அது.

“பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை. வெளிக்கிட்டு இஞ்சை வா. ரிக்கற் நான் பாக்கிறன்.”

“உண்மையாவோ அண்ணை?”

“நான் ஆர்? விக்னராஜா. ரிக்கற்றைப் பற்றி நீ வாயே திறக்கக் கூடாது, கண்டியோ. அது என்ரை பொறுப்பு.”

இத்தாலியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் சோதனைக்கும் டாக்டரைக் காண்பதற்கும் ஒரு சின்னக் கட்டணம் உண்டு. அதற்கு இத்தாலியர் வைத்திருக்கிற பெயர் ‘ரிக்கற்’. பலெர்மோத் தமிழருக்குள் ‘ரிக்கற் கட்டியாச்சோ?’ என்று ஒருவர் கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, ஆஸ்பத்திரிக் கவுண்டரைத்தான் நினைப்பார்கள். விக்னராஜாவும் அதைத்தான் நினைத்தார். பறந்து வருகிற செலவு அவர் யோசனையிலேயே இல்லை. அமெரிக்காவில் கடை வைத்திருக்கிறவளுக்கு அது ஒரு செலவா? ஆனால் ஹூஸ்டனில் இராசேஸ்வரி கேட்ட ரிக்கற்றுக்கு இறக்கை இருந்தது. கணவனுக்குத் தெரியாமல் கல்லாப்பெட்டியில் இருந்து அதற்குக் காசெடுக்க அவளால் முடியாது. அண்ணன் போடுவதாகச் சொல்லிவிட்டார், இனிக் கேட்கவும் கூடாது.

அன்று பின்னேரமே விக்னராஜா மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஊர் பார்க்க வருகிற ஒருத்திக்கு இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கட்டி வெட்டுவித்துக்கொள்கிற உரிமை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். சின்யோரா எமிலியானா கையை ஒரு முறை வீசினார்.

“கூட்டிக்கொண்டு வா விக்னா. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பலெர்மோவில் அந்த வசனம் கிடைத்துவிட்டால் சட்டப் புத்தகத்தை மூடிவிடலாம். கோயிலிலும் கடைத்தெருவிலும் ஒரேத்தோத் தெருவில் அவர்கள் இருக்கிற வீட்டின் மாடிப்படியிலும் விக்னராஜா தங்கையைக் கூப்பிடுகிற கதையைச் சொல்லித் திரிந்தார். குகனேஸ்வரி அறையைக் கழுவி, புதுத் தலையணை உறை போட்டாள்.

தங்கை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவன் பக்கத்தில் இல்லாத நேரம், அவள் சொன்னாள், “அண்ணை, கடைக்கு ஒரு பிள்ளையைப் பழக்கி வைச்சிருக்கிறன். நான் எப்பவும் வெளிக்கிடலாம்.” அவளுடைய ரோசத்துக்கு அதற்கு மேல் கேட்க முடியாது.

“அப்ப வெளிக்கிடன். ஆர் மறிச்சது?” என்றார் விக்னராஜா.

அந்தப் பக்கம் ஒரு சிறு சிரிப்பு. அண்ணன் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கடையை விட்டு வர மச்சான்தான் மறிக்கிறான் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

வெயில் காலத்தில் குகனேஸ்வரி பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்துகொண்டு, அவள் கோயில் இருக்கிற பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறினாள். சைவக்காரியோ வேதக்காரியோ, அந்த மலைக்கு ஏறாத தமிழ்ப் பெண் பலெர்மோவில் குறைவு. இறங்கி வருகிறபோது கூட வந்த கணவரிடம் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, இராசு எப்ப வாறா எண்டு வாய் திறந்து ஒருக்காக் கேட்டால் என்ன?”

“நான் கேக்கிறதோ? சொன்னது சொன்னதுதான். இடம் எடுத்து வைச்சிருக்கு, ரிக்கற்றும் நான் கட்டுறன் எண்டிட்டன். இனிக் காலிலை விழ வேணுமோ? அமெரிக்காக்காரிக்கு எங்கடை ஆசுப்பத்திரி மணக்குது போலை.”

“கட்டி வளர்ந்துகொண்டு இருக்கும். உங்கடை வீம்பு போலை.”

ஐப்பசியில் இராசேஸ்வரி கடைக்குள் மூச்சு எடுக்க முடியாமல் விழுந்தாள். அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனால் அங்கே தள்ளிவிட முடியாது, அது சட்டம். நெஞ்சில் சேர்ந்திருந்த நீரை எடுத்தார்கள். அன்றைக்குச் சாகாமல் பார்த்துக்கொண்டு, கட்டிக்கு யாரைக் காண வேண்டும் என்று ஒரு பெயரைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயருக்கு உரியவரைக் காண இன்சூரன்ஸ் வேண்டும். அல்லது காசு வேண்டும். ஞானசேகரம் கடையை விலை பேசினார். பேசிய விலை முன்பிருந்த கடனுக்கே போய்விடும் என்று தெரிந்தது. பிறகு விக்னராஜாவுக்குப் போன் எடுத்தார்.

“மச்சான், இராசுவின்ரை படத்தைப் போட்டு இன்டர்நெற்றிலை ஒரு காசுச் சேர்ப்புத் தொடங்கியிருக்கு. லிங்க் அனுப்பிறன். உங்கடை ஆக்களுக்குப் போட்டுவிடு.”

தழும்புக்குள் ஏதோ சுட்டது. விக்னராஜாவால் வாயைக் கட்ட முடியவில்லை.

“மற்றவன்ரை வருத்தத்துக்கு நான் ஏன் கட்ட வேணும் எண்டு கேட்டது ஆர் மச்சான்?”

ஞானசேகரம் கடைக் குளிர்பெட்டியின் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது.

“நான்தான் கேட்டனான். இப்ப லிங்கை அனுப்பு.”

அனுப்பினார். பலெர்மோத் தமிழர் நல்ல மனதோடு போட்டார்கள். வீடு கூட்டுகிற காசு, கிழவர் கழுவுகிற காசு. அதைப் பெருமை என்று சொல்ல முடியுமா? ஒரு மனுசி உயிரோடு இருக்க நாடு பார்க்காது, முகம் பார்த்து ஊர் பார்க்க வேண்டும் என்றால் அந்த இரக்கம் ஒரு கைத்துப் போன இரக்கம்தான்.

சேர்ந்த காசில் மருந்து ஏற்றத் தொடங்கிச் சில கிழமைகள் கழித்து, ஒரு ஞாயிறு இராசேஸ்வரி வீடியோவில் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள்.

“சிரிச்ச படம்தான் வேணுமாம் அண்ணை. அழுத படத்துக்குச் சனம் போடாதாம். பக்கத்துக் கடை மெக்சிக்கோக்காரிக்கும் இதே வருத்தம். அவளுக்கு இங்கிலீசும் வராது, படமும் வடிவாய் விழேல்லை. ஒருத்தரும் போடேல்லை.”

“அதை விடு பிள்ளை. அப்பவே இஞ்சை வந்திருந்தால்...”

“வரத்தானே பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் ரிக்கற் அனுப்புவியள், அனுப்புவியள் எண்டு. கேக்க வேண்டாம் எண்டிட்டியள். உங்களுக்கும் என்ன கஷ்டமோ எண்டு நானும் பேசாமல் விட்டிட்டன்.”

குகனேஸ்வரிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். கையை வாயில் வைத்தபடி எழுந்து உள்ளே போனாள். விக்னராஜாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

“பிள்ளை... நான் சொன்னது பிளேன் ரிக்கற் இல்லை. ஆசுப்பத்திரி ரிக்கற்.”

“ஆசுப்பத்திரிக்கும் ரிக்கற்றோ?” இராசேஸ்வரி ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “என்னண்ணை, படம் பாக்கவோ?” சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், ஞானசேகரத்தின் கை வந்து போனைத் திருப்பி வைத்தது. திரையில் ஒரு கூரைதான் தெரிந்தது.

மார்கழியில் அவள் போனாள். சேர்ப்பில் மிஞ்சியது செத்தவீட்டுச் செலவுக்கு உதவியது. அவளைக் கடைசியாக வழியனுப்ப ஹூஸ்டனுக்குப் போக விக்னராஜா பிளேன் ரிக்கற் வாங்கினார், தன் காசில், ஒரே நாளில், யாரிடமும் கேட்காமல். அங்கே மச்சான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நியாயத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போன் அதோடு நின்றுபோனது.

அவர் திரும்பி வந்து கூண்டைத் திறந்த காலையில் சின்யோரா எமிலியானா மின்தூக்கியில் இருந்து இறங்கினார். கையில் உரோமக் கையுறை.

“விக்னா, எங்கே போயிருந்தாய்? உன் தங்கை எப்போது வருகிறாள்? என் மருமகன் வேறொருத்தியைப் பின்னுக்குத் தள்ளி இடம் வைத்திருந்தான். ஆள் எங்கே, ஆள் எங்கே என்று என்னைத்தான் கேட்கிறான்.”

விக்னராஜா தபால்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

“வரமாட்டா சின்யோரா. ரிக்கற்றாலை வந்த பிரச்சினை.”

“ரிக்கற்றா? மதொன்னா!” சின்யோரா நெஞ்சில் கை வைத்தார். கண் உண்மையாகவே கலங்கியது. “அந்தச் சில்லறைக்காகவா ஒரு பெண் வராமல் இருந்தாள்? என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே கட்டியிருப்பேனே!”

விக்னராஜா கூண்டை விட்டு வெளியே வந்தார். போய்ப் பெரிய கதவை அவருக்குத் திறந்து பிடித்தார்.