தண்ணிக்கு வெட்டிய மின்சார சைக்கிள்

ஓசியில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியைக் குறை சொல்லி எழுதப் பத்திரிகைத் தொழிலில் தனித் துணிச்சல் வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தே கால் வீங்கிய வாசகர்களே, உங்களுக்காக அதையும் வரவழைத்துக்கொண்டேன்.

கொழும்புக் கம்பனி ஒன்று, தினமும் வேலைக்குப் போய்வர என்று எடை குறைந்த மின்சார சைக்கிள் ஒன்றை அனுப்பியிருந்தது. மலையகத்துக் கொட்டகலையில் எனக்குப் பக்கத்து வீடு ஜெயந்தி டீச்சர். மேலே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பஸ் வராத நாளெல்லாம் நடந்துபோய், பிந்தியதற்கு அதிபரிடம் ஏச்சு வாங்குகிறார். நான் நல்லதென்று எழுதினால் வாங்கிவிடுவதாக இருந்தார். "வெளம்பரத்த வுடுங்க சார், மேட்டுல ஏறுமா, அத மட்டும் எழுதுங்க!"

சமதரை

சைக்கிளைக் கொண்டுவந்த கம்பனித் தம்பி, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க ஓடும் என்றார். மேட்டிலுமா என்றேன். சமதரையில் சோதித்த கணக்காம். இங்கே சமதரையைக் காட்டுங்கள் என்றேன். ஸ்டேஷன் வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் மலை. கடைசியில் முகம் மலர்ந்தது. "அந்தா சேர், பிளாட்ஃபோர்ம் தட்டையாத்தானே இருக்கு!"

ஏத்தம்

பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஏத்தத்தில், இரண்டாவது முடக்கு வளைவிலேயே மோட்டார் முனகி ஓய்ந்தது. இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த த்ரீவீல்காரர் எனக்காகவே வேகத்தைக் குறைத்தார்.

"கரண்டு சைக்கிளுங்களா? மொதல்ல ஒங்களுக்குக் கரண்டு ஏத்தணும் போல இருக்கே!"

மடுவம்

தள்ளித் தள்ளிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேர்ந்தேன். பதினாறு கிலோ என்று கம்பனி அச்சடித்திருந்தது. என் முதுகு அதை நம்பவில்லை. அங்கிருந்த பெண்களே சிரித்துக்கொண்டு சைக்கிளைத் தூக்கித் தராசில் மாட்டினார்கள். முள் பத்தொன்பதில் நின்றது. பொய் சொன்னது நான்தான் என்பதுபோல், கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

இலையின் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் தினமும் தன் கொழுந்தின் நிறையில் கிலோக் கணக்கில் வெட்டு வாங்கிப் பழகிய கொழுந்துக்காரி மாரியாயிதான் வழி சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுக் கணக்கப்பிள்ளையைத் தவிர எல்லோரும் சிரித்தோம். "தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ரெண்டு வெட்டுங்க கணக்கப்புள்ள, கம்பனிக் கணக்கு சரியா வந்துரும்!"

இரண்டு ஆசிரியர்கள்

மேட்டில் ஏறாது, தள்ளத்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் பக்கத்தின் கீழ்ப்பாதி அந்தக் கம்பனியின் விளம்பரம். மேல்பாதியில் என் கட்டுரை. அதில் சைக்கிளின் நிறம் இருந்தது, அழகு இருந்தது, மேடு மட்டும் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டேன். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் பெரியவர். "வெட்டல அண்ணே, தண்ணிய மட்டும் வடிச்சிருக்கேன்."

பதறிப்போய் ஜெயந்தி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். கையில் பத்திரிகையோடு வாசலிலேயே நின்றார். வாங்கிவிடாதீர்கள் என்று நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"மேட்டப் பத்தி ஒரு வரியுங் காணோமே சார், அப்ப ஏறாதுதானே? எங்கம்மா கொழுந்தெடுத்தவங்க, எங்க வெட்டியிருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் இன்னும் நடந்துதான் போகிறார். சைக்கிளை நான் ஸ்டேஷன்வரை இறக்கத்தில் ஓட்டிப்போய்த் திருப்பி அனுப்பினேன், எங்கள் ஊருக்கு வந்து அது ஒழுங்காய்ச் செய்த வேலை அது ஒன்றுதான்.